ஆப் சர்வர் பதில் சொல்லாத மதியம்

நஸ்ரினின் ஸ்கூட்டி ஒருநாள் மதியம் நடுக்கடலிலிருந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. அப்படித்தான் எங்கள் இணையதளம் சொன்னது. ஸ்கூட்டியோ அலுவலக மாடிப்படிக்குக் கீழே மழையில் நனைந்துகொண்டு நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு மதியத்துக்குள் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றவள் இல்லை. அடுத்த குழந்தை வரப்போகிறது, மூத்தவள் யாழினி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை, அதனால் அடுத்த வாரத்தோடு வேலையை விடுகிறேன். "போறதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சுட்டுப் போம்மா" என்று அலுவலகத்தை நடத்தும் சார் கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று எழுதுவது என்ற தயக்கத்திலேயே பல நாள் ஓடிவிட்டது. பிறகு அந்த மதியத்தை நினைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலையை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் தருமபுரத்துக் குழந்தை டாக்டரின் கிளினிக்கைத்தான் சொல்வேன். காய்ச்சல்காரக் குழந்தையோடு நான் அங்கே உட்காராத மாதம் கிடையாது. முன்னால் மேசை போட்டு ஒரு பெண் இருப்பார். வருகிறவர்களிடம் பேசுவது, பெயர் எழுதுவது, உள்ளே அனுப்புவது எல்லாம் அவர். உள்ளே டாக்டர். நோயைப் பார்த்துச் சொல்வது டாக்டர் மட்டும்தான். இணையதளத்துக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்தைக் காட்டும் நம் வெப் சர்வர் அந்த முன்மேசைப் பெண். கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லும் ஆப் சர்வர் உள்ளே இருக்கும் டாக்டர். இரண்டையும் இணைப்பது சில வரிகள்தான். அதை நீங்கள் ஒரே காலையில் கற்றுக்கொள்வீர்கள். உள்ளேயிருந்து பதில் வராதபோது முன்மேசைப் பெண் என்ன பேசலாம் என்பதை மட்டும் எந்தப் பாடத்திலும் சொல்லித் தருவதில்லை. "டாக்டர் இன்னும் கூப்பிடல, உட்காருங்க" என்று சொல்லலாம். "குழந்தைக்கு ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று அவரே சொல்லிவிட்டால்?

நாங்கள் அதைத்தான் செய்து வைத்திருந்தோம், அதுவும் ஊரார் கேட்டு, ஊரார் பாராட்டி.

காரைக்காலைச் சுற்றியுள்ள மீனவ ஊர்கள் சில சேர்ந்து எங்கள் அலுவலகத்திடம் ஒரு இணையதளம் செய்து வாங்கின. படகு எண்ணைத் தட்டினால் அது கரை சேர்ந்துவிட்டதா என்று காட்ட வேண்டும். எல்லாப் படகும் ஒரே இடத்தில் அணைவதில்லை. சில துறைமுகத்துக்கு வரும், சில திருமலைராயன்பட்டினம் பக்கம் ஒதுங்கும், சில அவரவர் ஊர்க் கரையிலேயே ஏறும். ஒவ்வொரு இடத்திலும் ஊர்க்காரர் ஒருவர் நின்று, வந்த படகை வந்தது என்று தன் கைபேசியில் பதிவார். எல்லாக் கரையின் கணக்கும் ஒன்றுசேரும் ஒரே இடம் எங்கள் ஆப் சர்வர்.

முதல் நாள் செய்து காட்டியபோது, பதிவாகாத படகுக்கு "வரவில்லை" என்று போட்டிருந்தோம். கூட்டத்தில் இருந்த செண்பகம் அக்கா எழுந்துவிட்டார். திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் மீனவத் தெருவில் பெண்கள் குழுவை நடத்துகிறவர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் மகன் சரவணன் 'முத்தழகி' என்ற படகில் போகிறான்.

"ஏம்மா, கடலுக்குப் போன ஆம்பளையப் பத்தி 'இல்லை'ன்னு முடியிற வார்த்தைய எங்க வூட்டு வாசல்ல யாரும் சொல்ல மாட்டோம். போறேன்னுகூட அவன் சொல்ல மாட்டான், போயிட்டு வரேம்பான். நீங்க என்னடான்னா கொட்டை எழுத்துல வரவில்லைங்கிறீங்க. கண்ணக் கட்டுதும்மா."

"வேற என்னக்கா போடலாம்?"

"வருதுன்னு போடு. வந்துக்கிட்டுத்தானே இருக்கான்?"

மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். போட்டோம். ஒருமுறை ஆப் சர்வர் பதில் தராமல் வெப் சர்வர் ஆங்கிலத்தில் ஒரு பிழைப் பக்கத்தைக் காட்ட, படகுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு வீட்டில் அழுகையே தொடங்கிவிட்டது. அதையும் எடுத்துவிட்டு, பதில் வராத நேரத்தில் காட்டுவதற்கு ஒரு பக்கம் செய்தோம்: "உங்கள் படகு வருகிறது. சற்று நேரம் கழித்துப் பாருங்கள்." வேறு ஊரில் இந்த வேலையைச் செய்திருந்தால் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். இங்கே அதுதான் மரியாதை என்று எங்களுக்கும் தோன்றியது. நானும் கடலோரத்துப் பெண்தான், கரையிலிருந்து தள்ளியிருக்கும் நெரவியில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும்.

அப்புறம்தான் அந்த மதியம். புயல் கிளம்பியிருந்தது. திசை மாறிப் போய்விடும் என்று நினைத்தது எங்கள் பக்கமே திரும்பிவிட்டது. கடலில் இருந்த படகுகளையெல்லாம் வயர்லெஸ்ஸில் திருப்பிக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் காப்பகம் மூடியதால் யாழினியையும் தூக்கிக்கொண்டு அலுவலகம் வந்திருந்தேன். நானும் நஸ்ரினும்தான் இருந்தோம். நஸ்ரின் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், திருமலைராயன்பட்டினத்துக்காரி, என்னைவிடச் சற்று இளையவள். சார் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அலுவலகத் தொலைபேசி அடித்தபடியே இருந்தது. பக்கம் மெதுவாக வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று. கரையில் இருப்பவர்கள் மட்டுமா பார்க்கிறார்கள்? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அண்ணன் தம்பிகளும் மச்சான்களும் சேர்ந்து தட்டுகிறார்கள். பதில் வர நேரமானால் மறுபடி தட்டுகிறார்கள்.

மதியம் தொலைபேசி சட்டென்று ஓய்ந்தது.

"அப்பாடா, கூட்டம் அடங்கிடுச்சுக்கா" என்று நஸ்ரின் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

நான் என் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து அறையில் குழந்தை கத்திக்கொண்டிருந்தால் பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும், ஒன்று பவுடர் டப்பா கவிழ்ந்திருக்கும், இல்லையென்றால் வாயில் ஏதாவது போயிருக்கும்.

"நஸ்ரின், ஒரு படகு எண்ணைத் தட்டிப் பாரேன்."

தட்டினாள். வருகிறது என்றது. இன்னொன்று. அதுவும் வருகிறது. காலையிலேயே கரையேறிவிட்டது என்று எங்களுக்கே தெரிந்த ஒரு படகைத் தட்டினாள். அதுவும் வருகிறது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் ஸ்கூட்டியின் பதிவு எண்ணைத் தட்டினாள்.

"யா அல்லா! அக்கா, என் வண்டியும் கடல்லேருந்து வருதாம்!"

ஒரு நொடி சிரித்துவிட்டோம், மறைக்கவில்லை. அடுத்த நொடி புரிந்தது. ஆப் சர்வர் கூட்டத்தில் மூச்சுத்திணறிப் பதில் சொல்வதையே நிறுத்தியிருந்தது. முன்னால் நின்ற வெப் சர்வர், கேட்கும் ஒவ்வொருவரிடமும், எதுவும் தெரியாமல், அன்பாக, உங்கள் படகு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் தொலைபேசி ஓய்ந்திருக்கிறது.

அப்போது செண்பகம் அக்கா அழைத்தார். காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"ஏம்மா, எங்க சரவணன் படகு வருதுன்னு போட்டிருக்கே, எங்க வருது? எம்புட்டுத் தூரத்துல வருது?"

"அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

"கரையிலதான். தேடிப்போக ரெண்டு பெரிய விசைப்படகு டீசல் போட்டு நின்னுச்சு. எல்லாப் படகும் வருதுன்னு போன்ல பாத்துட்டு, அப்புறம் எதுக்குப் போவணும்னு ஆளுங்க வூட்டுக்குக் கெளம்புறாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. இவன் வயர்லெஸ் காலையிலேருந்து பேசல."

இருட்டிவிட்டால் அந்தக் கடலில் யாரும் இறங்க முடியாது. தேடப் போவதென்றால் வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். எந்தெந்தப் படகு வரவில்லை என்று தெரிந்தால்தான் போவார்கள். அதைச் சொல்ல வேண்டிய ஒரே இடம் எங்கள் கையில் இருந்தது. அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவங்கள வீட்டுக்குப் போவ விடாதீங்க. நாங்க போட்டிருக்கிறது நெசம் இல்ல. எங்களுக்குத் தெரியல."

"தெரியலயா?" என்று ஒரே ஒரு சொல். இணைப்பு அறுந்துவிட்டது.

சாருக்குப் பேசினேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு எங்களிடம் தகவல் இல்லை என்று போடப்போகிறேன் என்றேன்.

"ஏம்மா, அவசரப்படாத. தெரியலைன்னு போட்டா ஊரே கலவரமாயிடும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு, சரியாயிடும்."

"ரீஸ்டார்ட் பண்ணி எழுந்துக்கிறதுக்குள்ள அதே கூட்டம் மறுபடி வாசல்ல நிக்கும் சார்."

"நீ எப்பவும் பயந்த சுபாவம். நல்லா யோசிச்சுக்க."

அவர் சொன்னதும் உண்மைதான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள் நான். பள்ளியில் படிக்கும்போதே, எழுதி முடித்த விடைத்தாளைக் கொடுக்க மனம் வராது. ஆனால் அந்தச் சுபாவம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது எனக்கு எப்படித் தெரியும்? அன்று அந்தக் கேள்வியை எங்கள் திரையிடம் கேட்டேன். வருகிறது என்கிறாயே, உனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

மாற்றினேன். "இந்தப் படகைப் பற்றி இப்போது எங்களுக்குத் தெரியவில்லை. கரையில் கேளுங்கள்."

தொலைபேசி மறுபடி விடாமல் அடித்தது. அழுதார்கள், திட்டினார்கள். "இப்பத்தான வருதுன்னீங்க, அதுக்குள்ள தெரியலைன்னா என்னடி அர்த்தம்?" என்று ஒரு பெண் கத்தினார். என் விரல் பழைய பக்கத்தைத் திரும்பப் போடும் கட்டளையின் மேல் போய் நின்றதை நஸ்ரின் பார்த்துவிட்டாள்.

"அக்கா. கைய எடுங்க."

எடுத்தேன். யாழினி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து அழுதாள். நஸ்ரின் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தாள்.

உண்மை சொல்லியாயிற்று, ஆனால் அதனால் ஒரு படகையும் கண்டுபிடிக்க முடியாது. துறைமுகத்தில் பதிவுக்கு நின்ற சிவா அழைத்தார். "மேடம், வந்த படகெல்லாம் வரிசையா நிக்குது. பதிவ அழுத்தினா சுத்துது, சுத்துது, வெளிய தள்ளிடுது. ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. படகு வந்ததா என்று கேட்பவர்களும், வந்துவிட்டது என்று சொல்ல வருபவர்களும் ஒரே வாசலில், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கேட்பவர்கள் ஆயிரம் பேர். சொல்ல வருபவர்கள் நாலைந்து பேர். சொல்ல வந்தவர் உள்ளே போக முடியாததால் பதில் இல்லை. பதில் இல்லாததால் கேட்பவர்கள் மறுபடி மறுபடி தட்டுகிறார்கள். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவருகிறவரையும் டோக்கன் வாங்கி உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஒரே நேரத்துல உள்ள விடுற இணைப்பு எண்ணிக்கைய ரெண்டு மடங்காக்கிடவாக்கா?" என்றாள் நஸ்ரின்.

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். ஆனால் ஏற்கெனவே மூச்சுத்திணறுகிற டாக்டரின் அறைக்குள் இன்னும் பத்து நோயாளிகளைத் தள்ளுவதுதான் அது. அறை பெரிதாகாது.

"வேணாம். வழியப் பிரிப்போம். பதிவு போடுறவங்களுக்குத் தனி வாசல். அதுக்குப் பின்னாடி தனியா ஒரு ஆப் சர்வர், சின்னதா. கேக்குறவங்க யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது."

"அப்ப கேக்குறவங்களுக்கு?"

"கடைசியா நமக்குத் தெரிஞ்ச நிலவரத்த ஒரு பக்கமா எழுதி வெச்சுடலாம். வெப் சர்வரே கொடுக்கட்டும், உள்ள போயிக் கேக்கவே வேணாம். புதுப் பதிவு வர வர அந்தப் பக்கத்த மாத்திக்கிட்டே இருப்போம். ஆனா எந்த நேரத்து நிலவரம்னு தலையில பெருசா எழுதணும்."

நஸ்ரின் கண்கள் விரிந்தன. "சூப்பர்க்கா!" என்றாள். அவள் இரண்டாவது ஆப் சர்வரை எழுப்பினாள். நான் வெப் சர்வரின் அமைப்புக் கோப்பில் புது வழியை எழுதினேன். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். சரி என்றது. மறுபடி கொடுத்தேன். சரி என்றது.

"எத்தனை தடவதான் பாப்பீங்க?"

"இன்னும் ஒரே ஒரு தடவ."

மூன்றாம் தடவை வரிகளை விரல் வைத்து வாசித்தேன். வழி சரி, பெயர் சரி, ஆனால் எந்தச் சர்வரிடம் போக வேண்டும் என்று சொல்லும் போர்ட் எண் பழைய சர்வருடையது. சரிபார்க்கும் கட்டளைக்கு அது தவறாகவே தெரியாது. எழுத்து ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காது. அப்படியே விட்டிருந்தால் புது வாசலும் அதே கூட்டத்துக்குள் திறந்திருக்கும். திருத்தினேன். வெப் சர்வரை நிறுத்தித் தொடங்காமல், புது அமைப்பை மட்டும் படிக்கச் சொன்னேன். உள்ளே நிற்பவர்களை வெளியே தள்ளாமல் வாசலை மாற்றும் வழி அது.

"சிவா, இப்ப அழுத்துங்க."

"அழுத்திட்டேன்... மேடம்! ஏறிடுச்சு மேடம்!"

எங்கள் திரையில் ஒரு படகு, கரை சேர்ந்தது என்று பச்சையானது. அடுத்தது. அதற்கடுத்தது. மற்றக் கரைகளிலிருந்தும் பதிவுகள் கொட்டத் தொடங்கின. நஸ்ரின் ஒவ்வொரு பெயராகக் கத்தி வாசித்தாள், யாழினி அவள் இடுப்பில் குதித்தாள். திரை முழுக்கப் பச்சை பரவிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றது. ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை. முத்தழகி.

எல்லாக் கரைக்கும் பேசி மறுபடி கேட்டேன். எங்கும் வரவில்லை. அந்தச் சொல்லைச் செண்பகம் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, நல்லாக் கேட்டுக்குங்க. மத்த எல்லாப் படகும் கரைக்கு வந்துடுச்சு. முத்தழகி மட்டும் வரல. இது தெரியாமச் சொல்றது இல்ல. எல்லா எடத்துலயும் கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே கரையைப் பார்த்துக் கத்தினார்: "டேய், ஒரே ஒரு படகுதாண்டா பாக்கி! எம்புள்ள படகுதான்! எவன்டா வர்றது?" அந்தக் கத்தலுக்குப் பின்னால், பெரிய இன்ஜின் ஒன்று உறுமத் தொடங்குவது எனக்குக் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒரே படகு என்பதால் தேட வேண்டிய இடமும் சுருங்கியிருந்தது; அது வழக்கமாக வலை போடும் பக்கம் அவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் மிகக் கடினமான பகுதி. நான் எதையும் தொடவில்லை. நாம் தேவையில்லாமல் தொட்டுக் கெடுப்பதெல்லாம் இப்படிக் காத்திருக்கும்போதுதான். யாழினிக்குப் பருப்புச் சோறு ஊட்டினேன், பாதி தரையில். நான் சரியாகத்தான் செய்தேனா, பழைய பக்கத்தை இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டாமா, இல்லை எடுத்ததே தவறா என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போதும் சில நாள் சுற்றுகிறது.

புயல் போன பிறகு பெண்கள் குழுவோடு உட்கார்ந்து வார்த்தைகளை மாற்றினோம். இல்லை என்று முடியும் சொல்லுக்கு அவர்கள் அப்போதும் சம்மதிக்கவில்லை. படகிலிருந்தோ கரையிலிருந்தோ யாராவது சொல்லியிருந்தால் மட்டும் "வருகிறது." யாரும் சொல்லாவிட்டால் "செய்தி எதிர்பார்க்கிறோம்." அந்தச் சொல்லை அவர்கள்தான் தந்தார்கள். நீங்கள் அந்தப் பக்கத்தில் நிறத்தை மாற்றுங்கள், எழுத்தை மாற்றுங்கள். உள்ளே இருப்பவர் சொல்லாததை முன்னால் இருப்பவர் சொல்லும்படி மட்டும் மாற்றாதீர்கள். அது எவ்வளவு நல்ல வார்த்தையாக இருந்தாலும்.

அன்று மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது சிவா அழைத்தார். அவர் குரல் உடைந்திருந்தது.

"மேடம், கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. இன்ஜின் நின்னு போயி மெதந்துக்கிட்டு இருந்திருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க, சரவணனும்தான்."

"பதிவு போடுங்க சிவா! சீக்கிரம் போடுங்க!"

"எங்க போட விடுறாங்க? செண்பகம் அக்கா பட்டினத்துலேருந்து இங்கேயே வந்துட்டாங்க. நாந்தான் அமுக்குவேன்னு என் போனப் புடுங்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நான் வேற போன்லேருந்து பேசுறேன்."

"எதம்மா அமுக்கணும், இந்தப் பச்சையா?" என்று பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அதேதாங்க்கா."

அழுத்தினார். அந்தப் பதிவு புது வாசல் வழியாக, யாரோடும் முட்டாமல், நேராக உள்ளே வந்தது. திரையில் முத்தழகி பச்சையானது. நஸ்ரின் போட்ட கூச்சலில் யாழினி பயந்து அழுதே விட்டாள்.

செண்பகம் அக்காவுக்கு ஒருமுறை போதவில்லை. இன்னொரு தடவையும் அழுத்தினார். அதையும் ஆப் சர்வர் ஏற்றுக்கொண்டது. அதனால் அன்றைய தரவில் முத்தழகி இரண்டு முறை கரை சேர்ந்திருக்கும். இரட்டைப் பதிவுகளைத் துடைக்கும் வேலை உங்களுக்கு வரும்போது அது கண்ணில் படும். அதை அழிக்காதீர்கள்.